யாரும் இல்லாதவர்களுக்கு மட்டும்

எண்பதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம் அருப்புக்கோட்டையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. மூன்று வருடமாகப் பெய்யாத மழை. கரிசல் வெடித்துக் கிடந்தபோது வராமல், ஜனங்கள் காட்டை விட்டுக் கிளம்பி டவுனுக்கு வந்து பஸ் ஸ்டாண்டில் படுக்கத் தொடங்கிய பிறகு, அவர்கள் தலையைத் தேடி வந்து கொட்டியது. திருச்சுழிப் பக்கத்து ஆட்கள்தான் அதிகம். கடைகளின் சாய்ப்புக்குக் கீழே மூட்டையும் கையுமாக ஒண்டி நின்றார்கள். இரண்டாம் நாள் எங்கள் சபை ஐயர் குடையோடு போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் அழைப்போம். சர்ச்சுக்குப் பின்னால் பழைய பருத்திக் கிட்டங்கி ஒன்று எலிகளுக்கு மட்டும் உபயோகமாகக் கிடந்தது. அதைத் திறந்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்கள் ஒரு கமிட்டி போட்டிருப்போம்.

மழை வெறித்த பிறகு கமிட்டி போட்டோம். மொத்தம் நான்கு பேர். ஐயர் ஒருவர். இரண்டாவது, ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவர், நிற்க வைக்க ஆள் இல்லாமல் ஒரு வருடத்தில் மெலிந்து போயிருந்தார். கிட்டங்கி திறந்ததும் அவர் முகத்தில் ரத்தம் ஊறியது. மூன்றாவது, அடுத்த தெருவில் தறி போட்டிருந்த வீட்டு அக்கா. அவர் வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். சர்ச்சுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஈர விறகுப் புகை தறிக்கூடத்துக்குள் வருகிறதே, யார் இவ்வளவு மோசமாகச் சமைப்பது என்று கேட்க வந்தவர், கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். நான்காவது நான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தி வந்தேன். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாத பெண். அதனால் எனக்கு நேரம் ஏராளமாக இருக்கும் என்று ஊர் முடிவு செய்து வைத்திருந்தது.

ஹெட்மாஸ்டர் பதினாறு விதிகள் எழுதினார். நான் ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுத்தேன். முதல் விதி, இங்கே தங்குகிறவர்களை விருந்தினர் என்றே அழைக்க வேண்டும் என்பது. அதை அவர் உரக்க வாசித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "விருந்துன்னா கறி எப்பங்கய்யா?" என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் இரண்டாவது விதிக்குப் போனார். உறவினர் யாரும் இல்லாதவர்களுக்கு மட்டுமே இடம் அளிக்கப்படும். கிட்டங்கியில் இருபத்திரண்டு பாய்தான் விரிக்க முடியும், யாராவது இருப்பவர்கள் அந்த யாரோடாவது சமாளித்துக்கொள்ளட்டும் என்பது அவர் கணக்கு. எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. பதினாறு விதியிலும் ஓர் எழுத்துப்பிழை இல்லாமல் அடித்திருந்தேன் என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை.

சாப்பாடு, வாரத்தில் ஒரு நாள் ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டோம். செவ்வாயும் வெள்ளியும் தறிவீட்டு அக்கா முறை. அந்த இரண்டு நாளும் சாயங்காலம் ஐந்து மணிக்கே விருந்தினர்கள் குளித்துத் தலை சீவி உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிறு என் முறை. என் சாம்பாரை அவர்கள் குறை சொன்னதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நிறையப் பேருக்கு வயிறு சரியில்லாமல் இருந்தது, அவ்வளவுதான். அதைப் புரிந்துகொள்ள எனக்கு எட்டு வாரம் ஆனது.

கிட்டங்கியை இரண்டாகத் தடுத்து ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரிக்கச் சுவர் வைக்க வழியில்லை. அக்கா தன் வீட்டிலிருந்து கரை தப்பிய சேலைகள் ஏழெட்டைக் கொண்டுவந்தார். நெசவில் கோளாறாகி விற்க முடியாமல் போனவை. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, குறுக்கே கம்பி கட்டித் தொங்கவிட்டார். சிவப்பும் பச்சையும் மாம்பழ நிறமுமாக ஒரு தடுப்பு. உள்ளே நுழைகிற யாருக்கும் யாரோ வீட்டுக் கல்யாணம் என்றுதான் தோன்றும். ஹெட்மாஸ்டருக்கு அது கொஞ்சம் கூடுதல் கலகலப்பாகப் பட்டது. வெள்ளைத் துணி இல்லையா என்று கேட்டார். வெள்ளை வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்றார் அக்கா.

மார்கழிப் பிறப்புக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் வந்தார். அறுபது வயதிருக்கும். நெட்டை, அகலத் தோள், கையெல்லாம் காய்ப்பு. கிணறு வெட்டுகிற வேலை. தோண்டத் தோண்டப் பாறைதான் வருகிறது, எவனும் கிணறு வெட்டக் கூப்பிடுவதில்லை என்றார். அன்று சேர்க்கைப் பாரத்தை நிரப்பியது ஹெட்மாஸ்டர். உறவினர் என்ற இடத்தில் "இல்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதினார். இரண்டு நாள் கழித்து வியாழக்கிழமை அந்த அம்மாள் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். குள்ளம், கறுப்பு, நேராகப் பார்க்கிற கண். மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் காம்பு கிள்ளும் வேலை கிடைத்திருக்கிறது, ராத்திரி படுக்க மட்டும் இடம் வேண்டும் என்றார். அன்று பாரம் நிரப்பியது தறிவீட்டு அக்கா. அங்கேயும் "இல்லை".

ஒரு வாரம் கழிந்திருக்கும். தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் நான் அரிசி மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்தபோது சேலைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கிணறு வெட்டுகிறவரின் குரல் கேட்டது.

"அம்மா, ஒங்க பக்கம் ஒழுகுதாங்க?"

இந்தப் பக்கமிருந்து அந்த அம்மாள் சொன்னார். "இங்கிட்டு ஒழுகலங்க. ஒங்களுக்கு எப்படி?"

"எனக்கென்னங்க, நான் நனஞ்சு வளந்த கட்ட. நீங்க பாத்துப் படுங்க."

அக்கா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் வெட்கமில்லாமல் காதைத் தீட்டிக்கொண்டோம். கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவர் பகலில் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். சாயங்காலம் வரும்போது துண்டில் முடிந்து வெள்ளரிப்பிஞ்சோ பனங்கிழங்கோ கொண்டுவருவார். பெண்கள் பக்க வாசலில் நின்று, "அந்தம்மாவுக்குக் குடுத்துருங்க" என்று யாரிடமாவது கொடுப்பார். அம்மாள் வாங்கிக்கொண்டு, "எதுக்கு இவுகளுக்கு இந்த வேல" என்பார். சொல்லிக்கொண்டே கடிப்பார்.

பிறகு தடுப்பில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. மாம்பழ நிறச் சேலையும் பச்சைச் சேலையும் சேருகிற இடத்தில், உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில், தையல் நான்கு விரற்கடைக்குப் பிரிந்திருந்தது. அதன் வழியாக வெற்றிலை போய்வந்துகொண்டிருந்தது. அக்கா அதைத் தைத்தார். மறுநாள் அதே இடம் பிரிந்திருந்தது. இரட்டை நூல் போட்டுத் தைத்தார். அதுவும் பிரிந்தது. மூன்றாவது முறை பாவு நூலை முறுக்கித் தைத்து, இனி எப்படிப் பிரிகிறது என்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் துணியில் ஒரு இழைகூட அறாமல், நூலை மட்டும் உருவி எடுத்து, அழகாகக் கண்டாகச் சுற்றி அக்காவின் நூல்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். அக்காவுக்குக் கோபத்தைவிட மரியாதைதான் வந்தது.

ஹெட்மாஸ்டருக்கு அப்படி வரவில்லை. கமிட்டியை அவசரமாகக் கூட்டினார். ஐயர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தோம். ஒழுக்கம் என்ற சொல்லை அவர் பதினொரு தடவை சொன்னார். நான் எண்ணியதற்குக் காரணம், ஒவ்வொரு தடவையும் அக்கா என் தொடையில் கிள்ளினார்.

ஐயர் கடைசியில் சொன்னார். "ரெண்டு பேருக்கும் யாரும் இல்லேன்னு நாமதான எழுதி வச்சிருக்கோம். ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா இருக்கட்டுமே. கேட்டுப் பாருங்க. விருப்பம்னா கல்யாணம் பண்ணி வச்சிருவோம்."

ஹெட்மாஸ்டர் திகைத்தார். அக்கா அதற்குள் மனதில் சேலை எடுத்துவிட்டார், முகத்திலேயே தெரிந்தது. அம்மாளிடம் யார் பேசுவது என்ற கேள்வி வந்ததும் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கல்யாணப் பேச்சுப் பேச என்னை அனுப்பினார்கள் என்று என் அம்மா கேள்விப்பட்டபோது வெகுநேரம் சிரித்தார்.

மறுநாள் மத்தியானம் வத்தல் கடைக்குப் போனேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வத்தல் குவியலைச் சுற்றி உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்த நிமிடத்திலேயே தும்ம ஆரம்பித்தேன். அம்மாள் என்னைக் கடை வாசல் வேப்பமரத்தடிக்குக் கூட்டிவந்தார். ஒரு முறம் வத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டார். வேலை நிற்கக் கூடாதாம். அதனால் தும்மலும் நிற்கவில்லை.

வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த முன்னுரையைத் தும்மலுக்கு இடையில் சொன்னேன். மனிதருக்குத் துணை வேண்டும், வயது ஒரு பொருட்டல்ல, யாரும் தவறாக நினைக்கமாட்டோம். அம்மாள் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டார். நான் முடித்த பிறகு, வாயைச் சுற்றியிருந்த துணியை இறக்கினார்.

"டீச்சரம்மா, அவுக என் வீட்டுக்காரருதான்."

எனக்கு மனம் உருகிவிட்டது. "மனசுக்குள்ள அப்படியே நெனச்சுட்டீங்களா?" என்றேன்.

"மனசுக்குள்ள என்ன மனசுக்குள்ள. திருச்சுழிக் கோயில்ல வச்சுத் தாலி கட்டி முப்பத்திமூணு வருசமாச்சு." கழுத்துக்குள் விரலை விட்டு ஒரு மஞ்சள் கயிற்றை இழுத்துக் காட்டினார். நுனியில் ஒரு மஞ்சள் துண்டு. தங்கம் எப்போதோ போயிருந்தது. "ஒரு மகளும் இருக்கா, சிவகாசிப் பக்கம் குடுத்திருக்கு. ஒத்த ரூமு, அதுல அவ மாமியா, நாத்துனா. அங்க போயி ஒக்காந்தா நல்லா இருக்குமா?"

"பாரத்துல யாரும் இல்லன்னு சொன்னீங்களே."

"அந்தத் தறிவீட்டம்மா 'வீட்டுக்காரரு?'ன்னு கேட்டாக. 'இல்ல'ன்னேன். அப்ப அங்க அவுக இல்லதான. மார்க்கெட்டுக்கு மூட தூக்கப் போயிருந்தாக."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஏன் இப்படி ஒளிக்க வேண்டும் என்று புரியவில்லை. கேட்டேன்.

"பின்னால வந்த மழைக்குள்ள சொவரு விழுந்து போச்சு. மொத நா ரெண்டு பேருமாத்தான் இங்க வந்தோம். 'இது யாருமே இல்லாதவங்களுக்கு உள்ள எடம், ஒங்களுக்குத்தான் ஒருத்தருக்கு ஒருத்தர் இருக்கீங்களே'ன்னு சொல்லி அனுப்பிட்டாக."

"யாரு அப்படிச் சொன்னது?" என்று கோபமாகவே கேட்டேன். அக்காவின் வாய்த்துடுக்கு என்று நினைத்தேன்.

அம்மாள் இரண்டு மூன்று காம்பைக் கிள்ளினார். "நீங்கதாம்மா" என்றார்.

எனக்கு அந்த முகங்கள் நினைவில்லை. இப்போதும் இல்லை. நினைவிருந்ததெல்லாம், கரண்ட் போன ஒரு சாயங்காலம், மேஜையில் மெழுகுவர்த்தி, தண்ணீர் சொட்ட நின்ற இரண்டு பேரின் கால்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ் மாதிரி சீறாமல், மெல்லிய குரலில், அந்த வாக்கியத்தைச் சொன்னேன். இல்லை என்பதைக்கூட நோகாமல் சொல்லத் தெரிந்தவள் என்று அன்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டதும் நினைவிருந்தது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்தேன். வத்தல் நெடி என்று அந்த அம்மாள் நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை என்பது அடுத்து அவர் சொன்னதில் தெரிந்தது.

"நீங்க நல்லவிதமாத்தான் சொன்னீக. ரெண்டு பன்னுகூடக் குடுத்து விட்டீக. அந்தப் பன்னத் தின்னுக்கிட்டிருக்கும்போதுதான் அவுகளுக்கு யோசன வந்துச்சு. 'ஏய், நம்ம தனித்தனியாப் போயி யாரும் இல்லாதவுகளா இருந்துக்கிருவோம்'னாக."

"நான் இன்னைக்கே கமிட்டியில சொல்லிடறேன். விதிய மாத்தச் சொல்றேன்."

"ஐயோ வேண்டாம்மா. மாத்தலைன்னா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருவாக." பிறகு கொஞ்சம் தயங்கி, முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதோட, முப்பத்திமூணு வருசமும் என்னைய 'ஏய்'னுதான் கூப்பிட்டாக. இப்ப 'அம்மா, ஒங்க பக்கம் ஒழுகுதா'ங்காக. கேக்க நல்லாத்தான் இருக்கு. கொஞ்ச நாளைக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டுக் கமிட்டிக்குத் திரும்பினால், அங்கே கல்யாணம் பாதி நடந்திருந்தது. நான் வத்தல் கடையில் தும்மிக்கொண்டிருந்த நேரத்தில், பொறுமையில்லாமல் ஹெட்மாஸ்டர் மார்க்கெட்டுக்கே போய் அவரிடம் நேரடியாகக் கேட்டிருக்கிறார். அந்த மனுஷன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அந்தம்மா சம்மதிச்சா எனக்குச் சம்மதந்தாங்கய்யா. பாத்தா நல்ல குடும்பத்துப் பொம்பளையாத் தெரியுது" என்று சொல்லியிருக்கிறார். ஹெட்மாஸ்டர் அதில் அப்படியே விழுந்துவிட்டார். ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதற்குக் கல்யாணத்தைவிட நல்ல வழி கிடையாது என்று எங்களுக்கே விளக்கினார். அழைப்பிதழ் எழுதத் தொடங்கிவிட்டார். என்னிடம் ஸ்டென்சில் இருக்கிறதா என்று கேட்டார்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்றார் ஐயர்.

"யோசிக்கணும்னாங்க" என்றேன். அது பொய்யும் இல்லை. இந்தச் செய்தி அந்த அம்மாள் காதுக்குப் போனபோது நிறையவே யோசித்தார்.

"நல்ல குடும்பத்துப் பொம்பளையாத் தெரியுதாமா?" என்று அடுத்த நாள் தண்ணீர்த் தொட்டியருகில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எனக்கு வெளாட்டு, அவுகளுக்கு மாப்பிள்ள வேசமா? இந்த வயசுல இன்னொரு தடவ கழுத்த நீட்டணும், அதுவும் அதே ஆளுக்கா?"

தினமும் காலையில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளம்புவேன். போனால் அக்கா ஒரு புதுச் சேலையை விரித்துக் காட்டுவார். அடர்ந்த நீலம், அரக்குக் கரை, ஒரு இழைகூடக் கோளாறில்லாதது. அவர் வீட்டுக்காரர் இதற்கென்றே தறியில் ஏற்றியது. "கரை தப்பாத சேலை, டீச்சரு. அந்தம்மா ஜென்மத்துல கட்டியிருக்காது" என்பார். நான் வாயை மூடிக்கொண்டு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்விடுவேன். என் மாணவிகள் அந்த வாரம் அடித்த பிழைகளை நான் கவனிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் விருந்தினர் எல்லோரையும் கிட்டங்கிக்கு முன்னால் இருந்த வெளியில் உட்கார வைத்தார்கள். ஹெட்மாஸ்டர் சலவை வேட்டியில் வந்திருந்தார். இல்லறத்தின் மேன்மை பற்றிக் கொஞ்சநேரம் பேசினார். எழுதி வைத்துக்கொண்டு பேசியதால் கொஞ்சநேரம் என்பது முக்கால் மணிநேரம். கிணறு வெட்டுகிறவர் முன்வரிசையில் எண்ணெய் தேய்த்த தலையோடு, தரையைப் பார்த்து, நிஜமாகவே வெட்கப்படுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு ஐயர் அந்த அம்மாளைப் பார்த்து, "உங்க விருப்பம் என்னம்மா? தைரியமாச் சொல்லுங்க" என்றார்.

அம்மாள் எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ஐயா, ஒரு தடவ கட்டுனதே போதும்யா. இந்த மனுசன் எனக்கு முப்பத்திமூணு வருசத்துக்கு முன்னாலயே தாலி கட்டிட்டாரு. ரெண்டாந் தடவயும் இவரையே கட்டுறதுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

ஹெட்மாஸ்டர் கையில் காகிதத்தோடு அப்படியே நின்றார். அக்கா தெலுங்கில் ஏதோ சொன்னார். நான் எதிர்பாராதது விருந்தினர்களைத்தான். இருபது பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். முதல் நாள் கறி கேட்ட பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இது எங்களுக்கு வந்த அன்னைக்கே தெரியும்யா. பொண்டாட்டியில்லாம வேற எவ வெத்தலையில சுண்ணாம்பு கூடிப் போச்சுன்னு அந்த ஏச்சு ஏசுவா?"

"தெரிஞ்சா ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"சொன்னா, அவுகள அனுப்பிருவீக. அப்புறம் எங்களையும் ஒவ்வொருத்தராக் கேப்பீக." பெரியவர் பக்கத்திலிருந்தவரைக் காட்டினார். "இவன் என் தம்பி. கூடப் பொறந்தவன்."

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பெண்கள் பக்கம் தூணோரம் படுக்கும் இரண்டு பேர் சித்தியும் மகளும். சமையலுக்கு விறகு பிளந்து கொடுத்தவர் இன்னொருவருக்கு மச்சினன். இருபத்திரண்டு பாயில் ஒன்பது பாய்க்காரர்களுக்கு அந்தக் கூரைக்குக் கீழேயே சொந்தம் இருந்தது. நாங்கள் போட்ட விதிக்காக அண்ணன் தம்பியை ஐயா என்றும், மகள் சித்தியைப் பக்கத்துப் பாய்க்கார அம்மா என்றும் கூப்பிட்டுக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் இருந்திருக்கிறார்கள். ஐயர் சிரிக்கத் தொடங்கி, நிற்க முடியாமல், ஜெபத்துக்குப் போடும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

நான் எழுந்து நின்றேன். அன்றைக்கு இவர்கள் இரண்டு பேரும் மழையில் வந்தபோது திருப்பி அனுப்பியது நான்தான் என்றேன். நிமிர்ந்து முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஹெட்மாஸ்டர் கையிலிருந்த காகிதத்தை நான்காக மடித்தார்.

"விதி என்னுடையது டீச்சர்" என்றார். "நீங்க டைப் மட்டும்தான் அடிச்சீங்க."

அவர் உடனே பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. முறைப்படி ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும் என்றார். நான் முன்மொழிந்தேன். அக்காவை வழிமொழியச் சொன்னால், அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மூணு தடவ தச்சேனே, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா" என்று அம்மாளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நீலச் சேலையை அம்மாள் மடியில் வைத்த பிறகுதான் வழிமொழிந்தார். இரண்டாவது விதி நீங்கியது. அன்று என் முறைச் சாம்பார். அவ்வளவு சந்தோஷத்திலும் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை.

விறகும் சைக்ளோஸ்டைல் மெஷினும் வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து அவர்கள் இரண்டு பேருக்கும் கொடுத்தோம். கிணறு வெட்டுகிறவர் அன்றே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அம்மாள் போகவில்லை. "இங்க பேச்சுத்தொணைக்கு ஆளு இருக்கு. அங்க போனா அவுக கொறட்டதான் இருக்கு" என்று பெண்கள் பக்கத்திலேயே இருந்தார். கணவர் தினமும் சாயங்காலம் அறை வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "அம்மா, எப்பங்க வாரீக?" என்று கேட்பார். விருந்தினர்கள் பதிலுக்காகச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். தை பிறந்து பொங்கலன்று நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு அம்மாள் அந்த அறைக்குள் போனார். அதைக் கொண்டாட அக்கா பாயசம் வைத்தார். ஹெட்மாஸ்டர் இரண்டு தம்ளர் குடித்தார்.

விதி மாறிய பிறகு கிட்டங்கிக்குக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். சத்தம் கூடியது, சண்டையும் கூடியது. இருபத்திரண்டு பாயின் இடத்தில் முப்பதை நெருக்கி விரித்தோம். ஹெட்மாஸ்டர் உணவின் தரத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி, தினமும் சாயங்காலம் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பந்தியில் உட்கார ஆரம்பித்தார். மனைவி இறந்து ஆறு வருடம், மகன் மெட்ராஸில். ஒருநாள் பரிசோதனைக்கு வரவில்லையென்றால் யாராவது ஒருவர் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவருக்குத் தரத்தில் சந்தேகம் வராது. வீட்டிலேயே இருந்துகொள்வார்.

அந்த வருடம் ஆடி மாதம், மல்லாங்கிணறுக்குப் பக்கத்தில் ஒருவருடைய பம்புசெட்டுத் தோட்டத்தில் தங்கிக் காவல் பார்க்க ஆள் வேண்டும் என்று ஐயருக்குத் தகவல் வந்தது. தோட்டத்துக் கிணறும் தூர் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிடக் கிட்டங்கியே கிளம்பிப் போனது. கண்டக்டர் பயந்துபோய், இத்தனை பேரும் ஏறுகிறார்களா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஐந்தாறு வருடம் கிட்டங்கி ஓடியது. தொண்ணூறுகளின் நடுவில் கூரை இறங்கிவிட்டதால் மூட வேண்டி வந்தது. அப்போது இருந்தவர்களை எங்கெங்கோ பிரித்து அனுப்பினோம். எல்லோருக்கும் நல்ல இடம் அமைந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

மூடிய அந்த வருடம் ஒரு சனிக்கிழமை அக்காவும் நானும் மல்லாங்கிணறுக்குப் போனோம். தோட்டத்தில் முருங்கை நின்றது, கத்தரிப் பாத்தி இருந்தது. அவர் கிணற்றடியில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார், முழங்கால் விடவில்லை. அம்மாள் உள்ளேயிருந்து வந்து, மோட்டாரைத் தொடாதீர்கள் என்று காலையிலிருந்து சொல்கிறேன், கேட்டால்தானே என்று எங்களிடம் அவரைப் பற்றியும், அவர் எங்களிடம் அம்மாளின் வாயைப் பற்றியும் முறையிட்டார்கள். கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். வெட்கத்தைவிட்டுச் சாப்பிட்டோம். "டீச்சரம்மா, நீங்க இன்னும் சாம்பாரு வைக்கிறீகளா?" என்று அவர் கேட்டார். வைக்கிறேன் என்றேன். எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். கால்களுக்கு நடுவே ஒரு கட்டு முருங்கைக்காயை வைத்துக்கொண்டு அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கினார். முருங்கைக்காய் பஸ் குலுங்கும்போதெல்லாம் முன்சீட்டுக்காரரின் முதுகில் இடித்தது. அவர் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். மூன்று தடவையும் நான் ஜன்னலுக்கு வெளியே பருத்திக்காட்டைப் பார்த்துக்கொண்டேன்.